மடியில் வைத்த கால்

— அப்ப இந்த ஒன்பது இசைத்தட்டுலயும் பியானோ வாசிக்கிறது எங்கண்ணன் இல்லேங்கிறீங்க.

— அப்படிச் சொல்லல, மிஸ் ஒசெல்லா. க்ளியோத்தா ஸ்ட்ரிப்ளிங்தான்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லேங்கிறேன். ரெண்டும் வேற வேற.

— சிகாகோவுல ரெண்டும் ஒண்ணுதான் ஆர்னே. டென்மார்க்குல வேணா வேறயா இருக்கும். அண்ணி, கேட்டியா கதையை? இருபத்தெட்டு வருஷமா நீ துணி சுத்தி அலமாரியில வச்சிருந்தது யாரோ ஒருத்தன் வாசிச்சதாம்.

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீ முதல்ல உக்காரு ஒசெல்லா. தம்பி, நீங்களும் உக்காருங்க. மூணு மாடி ஏறி வந்துட்டு நின்னுக்கிட்டே பேசுறீங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். பியானோ ஸ்டூல்ல உக்காருங்க.

— அவர் உக்காந்த ஸ்டூலா அம்மா?

— அவரு உக்காந்ததுதான். ஒண்ணும் ஆகாது. அவரு போய் பதினோரு வருஷமா ஒசெல்லா அது மேல ஏறித்தான் பல்பு மாத்துறா.

— செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறுவேன். அதையும் குறிச்சுக்குங்க, டென்மார்க்காரரே. நேத்துல இருந்து எல்லாத்தையும் குறிக்கிறீங்க.

— மன்னிக்கணும் அம்மா. உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு தெரியும். நேத்து இங்க எடுத்த காப்பியை ஹோட்டல்ல வச்சு மூணு தடவை கேட்டேன். அருமையான வாசிப்பு. வேகமான பூகி-வூகி ஆறு, மெதுவான ப்ளூஸ் மூணு. இந்த மாதிரி வீட்டுலயே பதிஞ்சது உலகத்துல எங்கயும் கிடைக்காது. ரெக்கார்டா கண்டிப்பா கொண்டுவருவேன். ஆனா அவர் ஐம்பத்தெட்டுல பதிஞ்ச டேப் மட்டும்தான் அவர் பேர்ல போக முடியும். இந்த ஒன்பதுக்கும் ‘பியானோ: பெயர் தெரியாதவர்’னுதான் போடணும்.

— பெயர் தெரியாதவர்.

— பழைய பியானோ ரெக்கார்டுகளைத் தேடிச் சேர்க்கிற சங்கம் எங்களோடது. அங்க அதுதான் முறை.

— தம்பி, அவரு மாடு வெட்டுற தொட்டியில இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தாரு. அங்க யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. நானூத்திப் பன்னெண்டு, அவ்வளவுதான். சட்டையில தச்சிருக்கும். துவைக்கிறப்ப எல்லாம் நான் அந்த நம்பரைத்தான் தேய்ச்சேன். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது இந்தப் பியானோ முன்னாடி உக்காந்திருக்கிறப்பதான். க்ளியோத்தா, இன்னொண்ணு வாசி, க்ளியோத்தா, இன்னும் வேகமா. நான் உங்ககிட்ட வேற எதுவும் கேக்கல. ஒன்பதுலயும் அவரு பேர் இருக்கணும்.

— எனக்கும் அதுதான் ஆசை அம்மா.

— ஆசை இருந்தா போட்டுட்டுப் போக வேண்டியதுதானே? எதுல சந்தேகம்? வாயைத் திறந்து சொல்லுங்க.

— கால்லதான் சந்தேகம், மிஸ் ஒசெல்லா.

— என்ன கால்?

— அவர் இடது கால். வாசிக்கும்போது தரையில மிதிப்பாரே, அந்த மிதி. அவரை நேர்ல கேட்டவங்க ஏழு பேரைத் தேடிப் பிடிச்சுப் பேசிட்டேன். ஒருத்தர் விடாம முதல்ல சொன்னது அதைத்தான். வாடகைக்குக் காசு சேர்க்க யாராவது வீட்டுல விருந்து வச்சு, அங்க க்ளியோத்தா வந்து உக்காந்தா, கீழ் வீட்டு விளக்கு ஆடும்னு சொன்னாங்க.

— ஆடுறதாவது. எங்க கீழ் வீட்டு மிசஸ் பெட்டிஃபோர்டோட விளக்கு கழண்டு அவங்க சூப்புக்குள்ளேயே விழுந்துச்சு. மேல ஏறி வந்தாங்க, கையில அகப்பையோட. சண்டை போட வந்தவங்க கடைசி வரைக்கும் ஆடிட்டுத்தான் போனாங்க.

— பாத்தீங்களா, நீங்களே சொல்றீங்க. டேப்புலயும் அந்த மிதி இருக்கு. அவர் அதை ஒரு கம்பெனிக்கு அனுப்பியிருக்கார். அவங்க வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஆனா யாரோ ஒரு காப்பி எடுத்து, அது கைமாறிக் கைமாறி கோப்பன்ஹேகனுக்கு வந்துடுச்சு. எனக்கு அப்ப பதினாறு வயசு. எங்கப்பா பேக்கரி வச்சிருந்தார். விடிகாலையில மாவு பிசையும்போது அந்த டேப்பைத்தான் போடுவோம். அந்த மிதிக்குப் பிசைஞ்சா ரொட்டி நல்லா உப்பும்னு அப்பா சொல்வார்.

— உங்கப்பா அப்படிச் சொன்னாரா?

— சத்தியமா அம்மா. எங்க சங்கத்துல அதுக்குப் பேரே வச்சிருக்கோம், ‘ஸ்ட்ரிப்ளிங் மிதி’. அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். இங்க பார்த்தா ஒன்பது தட்டுலயும் காலே இல்ல. இடது கை ரயில் மாதிரி ஓடுது, ஆனா கால் மட்டும் சும்மா இருக்கு. அவரால மிதிக்காம வாசிக்க முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்ப இது யாரு?

— அண்ணி சிரிக்கிறா.

— சிரிக்கல.

— சிரிக்கிறே. உதட்டை மூடிக்கிட்டு சிரிக்கிறே. நாப்பத்தாறுல இருந்து பாக்குறேன் உன் சிரிப்பை.

— சரி, சிரிக்கிறேன். நீ சொல்லு ஒசெல்லா. நீயும்தானே இருந்தே.

— கேளுங்க, டென்மார்க்காரரே. சண்டைக்குப் போன பிள்ளைகளுக்கு அவங்க அம்மாமார் குரலைத் தட்டுல வெட்டி அனுப்புறதுக்குன்னு ஒரு போட்டோக் கடைக்காரன் மெஷின் வச்சிருந்தான். சண்டை முடிஞ்சது, பிள்ளைங்க வந்துட்டாங்க, மெஷினுக்கு வேலை இல்ல. எங்கண்ணன் ஒரு முழு பன்னித் தொடையைக் குடுத்து அதை வாங்கிட்டு வந்துட்டான். கிறிஸ்மஸுக்குன்னு நாங்க வச்சிருந்த தொடை.

— அதை இன்னும் மறக்கல பாருங்க.

— எப்படி மறப்பேன்? அந்தக் கிறிஸ்மஸுக்கு கோழிக் கழுத்துதான் சாப்பிட்டோம். சரி, மெஷினை அந்த மூலையில வச்சாச்சு. புதுத் தட்டு போட்டாச்சு. எங்கண்ணன் வாசிச்சான். நாலாவது அடியில காலை ஓங்கி மிதிச்சான். ஊசி தவளை மாதிரி தாவிடுச்சு.

— தரைப் பலகை வழியா அதிர்வு போயிருக்கும்.

— நீங்க சுலபமா சொல்லிட்டீங்க. அது எங்களுக்குப் புரியறதுக்குள்ள மூணு தட்டு பாழ். மெஷினுக்கு அடியில மெத்தை போட்டோம். அவன் காலுக்கு அடியில தலகாணி வச்சோம். காலை ஸ்டூலோட சேத்துக் கயித்தால கட்டினோம். ஸ்டூலோட சேந்து குதிச்சான் மனுசன்.

— ‘மிதிக்காம வாசிங்க’ன்னு சொல்லிப் பாக்கலையா?

— சொன்னேன் தம்பி. மிதிக்காம இருக்கணும்னு நினைச்சாலே அவருக்குக் கை நின்னுடும். ஒரு மாதிரி பரிதாபமா என்னைப் பார்ப்பாரு. அப்புறம் நான் கீழ உக்காந்தேன். பியானோவுக்கு அடியில. இடது கால் ஷூவைக் கழட்டச் சொல்லி, காலை என் மடியில வச்சு ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன். வலது கால் பெடலுக்கு வேணும், அதை விட்டுட்டேன். அவ்வளவுதான்.

— மடியிலயா? ஒரு நிமிஷம், குறிச்சுக்கிறேன். ஒன்பது தட்டுக்குமா?

— ஒன்பதுக்கும். ஒரு தட்டுக்கு மூணு நிமிஷம். மூணு நிமிஷமும் பிடிச்ச மீன் மாதிரி துள்ளும். மறுநாள் எனக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கும். அப்ப நான் நூலகத்துல புத்தகம் அடுக்கிக்கிட்டிருந்தேன். கனமான புத்தகத்தை எல்லாம் அன்னைக்கு வேற யாராவதுதான் தூக்குவாங்க.

— என் வேலையையும் சொல்லு அண்ணி.

— மெஷின் பக்கத்துல ஒசெல்லா. ஊசி வெட்ட வெட்ட கறுப்பு நூல் மாதிரி சுருண்டு சுருண்டு வரும். அதை பிரஷ்ஷால ஒதுக்கிக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா ஊசியில சிக்கிடும்.

— கன்னம் வீங்கின பல்வலியோட ஒதுக்கியிருக்கேன்.

— பல்வலியா? நாலாவது தட்டுல ‘ஒசெல்லாவின் பல்வலி’ன்னு எழுதியிருக்கே.

— என்னன்னு எழுதியிருக்கு?

— பாட்டோட பேர் அதுன்னு நினைச்சேன், மிஸ் ஒசெல்லா. பட்டியல்லயே போட்டுட்டேன். ரெண்டாவது ‘மழை, துணி காயவில்லை’. ஆறாவது ‘கீரையில் உப்பு அதிகம்’.

— அண்ணி, ஊர்ல வேற பேரே கிடைக்கலையா உனக்கு? என் பல்லுதானா கிடைச்சுது?

— அவரு எதுக்கும் பேர் வைக்க மாட்டாரு. இது என்னன்னு கேட்டா ‘இது சனிக்கிழமை வாசிச்சது’ம்பாரு. எல்லாமே சனிக்கிழமைதான். எனக்கு எது எதுன்னு தெரிய வேண்டாமா? அன்னைக்கு வீட்டுல என்ன நடந்துச்சோ அதை எழுதி ஒட்டினேன்.

— ‘துணி காயவில்லை’ங்கிறது பிரிவுத் துயரம்னு குறிப்பு எழுதி வச்சிருக்கேன் அம்மா.

— காயாம கிடந்தது அவரோட உள்பனியன் தம்பி.

— அடிச்சிடறேன்.

— அடிக்காதீங்க. பிரிவுத் துயரமாவே இருக்கட்டும். என் பல்வலியும் டென்மார்க் வரைக்கும் போய்ட்டு வரட்டும். நான்தான் போகல.

— எனக்கு உங்க ரெண்டு பேரையும் நம்பணும்னு இருக்கு. ஆனா சங்கத்துல கேப்பாங்க, மனைவியும் தங்கச்சியும் சொன்னா போதுமான்னு. அவங்க பொல்லாதவங்க. கேக்காத சத்தத்தை நான் எப்படி ஆதாரமா காட்டறது?

— ஒரு இடத்துல கேக்கும். எட்டாவது தட்டு. ‘உதை’ன்னு எழுதியிருப்பேன்.

— ஆமா, பாதியில கெட்டுப்போன தட்டு. ரெண்டு இடி சத்தம் வருது, ஊசி தாவுது, அதோட முடிஞ்சுபோகுது. யாரோ கீழ போட்டுட்டாங்கன்னு நினைச்சேன்.

— நான் பிடியை விட்டுட்டேன் தம்பி. அப்ப எங்க பொண்ணு வயித்துல, ஏழு மாசம். அவரு காலை மடியில வச்சு வயித்தோட அணைச்சுப் பிடிச்சிருந்தேன். வாசிப்பு சூடு பிடிச்சப்ப உள்ள இருந்து அவ ஒரு உதை விட்டா பாருங்க, நேரா அவரு உள்ளங்கால்ல. அவரு குனிஞ்சு என்னைப் பார்த்தாரு. கை ஓடிக்கிட்டேதான் இருக்கு, முகம் மட்டும் கீழ. எனக்குச் சிரிப்பு வந்து கை தளர்ந்துடுச்சு. ரெண்டு மிதி விழுந்துச்சு.

— அவ இப்ப டெட்ராய்ட்ல நர்ஸு. இன்னமும் உதைப்பா. போன்லயே உதைப்பா.

— அப்ப அந்த ரெண்டு இடியும் அவர் கால். அம்மா, இது பெரிய விஷயம். டேப்பும் இதோ இருக்கு. ரெண்டையும் அடுத்தடுத்துப் போடறேன். மிதி ரெண்டும் ஒண்ணா இருந்தா போதும், சங்கத்துல ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. ஒன்பதுலயும் அவர் பேர்தான்.

— ரெண்டையுமா போடப் போறீங்க?

— ஏன் அம்மா?

— ஒண்ணுமில்ல. போடுங்க.

— இது தட்டு. கவனமா கேளுங்க. இப்ப... தொம், தொம். கேட்டுச்சா?

— எங்கண்ணன்தான். எந்திரிச்சு வந்து மிதிச்ச மாதிரி இருக்கு.

— இப்ப டேப். டப்பா மேல அவரே எழுதின தேதி இருக்கு, ஐம்பத்தெட்டு மார்ச். இதோ. வலது கால் பெடல்ல இருக்கு, அது தனியா கேக்குது பாருங்க. இடது கால் தரையில. டக். டக். டக்.

— ஐம்பத்தெட்டா? அண்ணி, ஐம்பத்தெட்டு மார்ச்சுல எங்கண்ணனுக்கு...

— ஒசெல்லா, கீரை அடி பிடிக்குது பாரு.

— கீரையை இன்னும் அடுப்புல ஏத்தவே இல்ல.

— அப்ப ஏத்து.

— ஏத்துறேன். எனக்கென்ன. ஏத்துறேன்.

— அவங்க என்ன சொல்ல வந்தாங்க அம்மா?

— அவ எதையாவது சொல்லிக்கிட்டிருப்பா. நீங்க சொல்லுங்க தம்பி. ஒண்ணா இருக்கா?

— இன்னொரு தடவை போடறேன். ... மன்னிக்கணும். ஒண்ணா இல்ல. தட்டுல இருக்கிறது கனமான மிதி. முழுப் பாதமும் பட்டு, தாளத்து மேல நேரா விழுது. டேப்புல இருக்கிறது லேசு. குதிகால் மட்டும் படுற மாதிரி இருக்கு. அதோட, ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை பிந்தி விழுது. அந்தப் பிந்தல்தான் ஸ்ட்ரிப்ளிங் மிதி. கை முன்னால ஓடிடும், கால் இதோ வந்துட்டேன்னு பின்னாலயே வரும். அதுக்குத்தான் நாங்க உயிரை விடுறோம். கோப்பன்ஹேகன்ல ஒரு பல் டாக்டர் ஆறு வருஷமா பழகுறார், அவருக்கு வரவே மாட்டேங்குது.

— பிந்தியா விழுது?

— ரொம்ப அழகா பிந்தி விழுது. அம்மா, நீங்க குடுத்த ஆதாரமே இப்ப உங்களுக்கு எதிரா நிக்குது. தட்டுல வாசிச்சவரும் டேப்புல வாசிச்சவரும் ஒரே ஆள் இல்ல. ஒரு ஆளுக்கு ரெண்டு இடது கால் இருக்க முடியாதே.

— இருக்க முடியாது. அது சரிதான்.

— அண்ணி, அடுப்படியில இருந்தா காது அடைச்சுக்காது. இன்னும் எத்தனை நாளைக்கு மூடி வைக்கப் போறே?

— அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.

— எனக்கும்தான் தெரியும். பியானோக்காரங்க யாருக்கும் தெரியக் கூடாதுன்னான். தெரிஞ்சா என்ன குறைஞ்சு போயிடும்? வாக்கு வாங்கினவன் இப்ப பேரைத் தொலைச்சுட்டு நிக்கிறான். நானூத்திப் பன்னெண்டுங்கிறதே பரவாயில்ல, ஒரு நம்பராவது இருந்துச்சு.

— ... தம்பி, நான் ஒண்ணு சொன்னா ஒன்பது தட்டுலயும் அவரு பேர் வந்துடும். ஆனா உங்க ஊர்ல அந்த டேப் மேல வச்சிருக்கிற ஆசையில கொஞ்சம் அடி விழும். பரவாயில்லையா?

— உண்மைதான் முக்கியம் அம்மா.

— அப்படிச் சொல்ற முகமா இல்ல இது. பரவாயில்ல. ஒசெல்லா, என் பைபிளைக் கொண்டா. சங்கீதம் பக்கத்துல ஒரு சீட்டு இருக்கும்.

— இந்தா. கூடவே ஒரு போட்டோத் துண்டும் இருக்கு. இது நேத்து இவருக்குக் குடுத்த போட்டோவோட அடிப்பாதிதானே? ஃப்ரேமுக்குள்ள அடங்கலைன்னு கத்தரிச்சேன்னு சொன்னே.

— அடங்கியிருக்கும். கத்தரிச்சுட்டேன். ரெண்டையும் அவருகிட்டயே குடு. வாசிங்க தம்பி, எனக்குக் கண்ணாடி எங்கேயோ இருக்கு.

— ஆஸ்பத்திரிச் சீட்டு. ஸ்ட்ரிப்ளிங், க்ளியோத்தா. நவம்பர், ஐம்பத்தேழு. சர்க்கரை வியாதி. இடது கால், கணுக்காலுக்கு மேல்... அகற்றப்பட்டது. இந்தப் போட்டோவுல ஒரு ஷூதான் இருக்கு.

— அதை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வர எனக்கு மனசு வரல. நான் மடியில வச்சிருந்த கால் தம்பி அது. கேட்டு வாங்கி, ஒரு பெட்டியில வச்சு, எங்களுக்குன்னு இருந்த கல்லறை இடத்துல போதகரைக் கூப்பிட்டு அடக்கம் பண்ணினோம்.

— எங்கண்ணன் ஊன்றுகோல்ல நின்னு தன் காலுக்கே ஆமென் சொன்னான். ‘முன்னாடி போய் தரை எப்படி இருக்குன்னு பாரு’ன்னு சொல்லி அனுப்பினான்.

— ஏழு வருஷம் கழிச்சு அவரு போனப்ப, கால் இடம் பிடிச்சு வச்சிருந்துச்சு.

— அம்மா, சீட்டு ஐம்பத்தேழு நவம்பர். டேப் ஐம்பத்தெட்டு மார்ச்.

— நாலு மாசம். அப்பதான் அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட இருந்து கடிதாசி வந்துச்சு, மிதி நல்லாக் கேக்குற மாதிரி பதிஞ்சு அனுப்புங்கன்னு. அவருக்குக் கை அப்படியே இருந்துச்சு தம்பி, ஒரு விரல்கூட மந்தமாகல. ஆனா கால் போச்சுன்னா வாசிப்பும் போச்சுன்னு எழுதிடுவாங்கன்னு நினைச்சாரு. ‘யார்கிட்டயும் சொல்லாதே வெர்லீன், நான் போனப்புறமும்’னாரு. இரவல் டேப் மெஷின், அதுல தாவுறதுக்கு ஊசி கிடையாது. தரை ஆடினாலும் பயமில்ல.

— அண்ணி, கால் போனது எனக்குத் தெரியும். இது எனக்குத் தெரியாதே. என்கிட்டகூட நீ சொல்லல.

— உனக்கு வாய் நிக்காது ஒசெல்லா. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போடுற குதிகால் செருப்பை எதுக்கு வியாழக்கிழமை போட்டிருக்கேன்னு, டேப் பதிஞ்ச அன்னைக்கு நீயே கேட்டே. காலைக் கடிக்குது, பழக்கிக்கிறேன்னு சொன்னேன்.

— அம்மா, ஒரு நிமிஷம். ஒன்பதுலயும் அவர் பேரைப் போட்டுடறேன், அது முடிஞ்சது. ஆனா அந்தப் பிந்தல்... எங்கப்பா மாவு பிசைஞ்சது, பல் டாக்டர் ஆறு வருஷமா பழகுறது... அது எப்படி ஒவ்வொரு தடவையும் அவ்வளவு சரியா பிந்தி விழுந்துச்சு?

— அவரு தோள் இறங்குறதைப் பார்த்துப் பார்த்துத்தானே நான் மிதிச்சேன் தம்பி, பிந்தாம என்ன செய்யும்.